மூன்று ஆண்டு எழுதும் விண்ணப்பம்

பட்டப்படிப்பின் கடைசி செமஸ்டர் முடிவு வந்ததும் புதுச்சேரிக் கல்லூரி வராந்தாக்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, "அடுத்து என்ன சார் படிக்கலாம்?" என்பது. பாடம் நடத்துவது என் தொழில். ஆனால் கோடை தொடங்கி மழைக்காலம் எட்டிப்பார்க்கும் வரை அந்தத் தொழிலில் பாதி, விண்ணப்பம் பார்ப்பதும் சான்றிதழ் சரிபார்ப்பதும் யார் எதற்குத் தகுதி என்று சொல்வதுமாகவே போகும். சட்டம், பி.எட்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்று தொழிற்படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. இணையத்தில் சில வாரம் திறந்து மூடும் படிவத்தை நாம் விண்ணப்பம் என்கிறோம். அந்தப் படிவம் கேட்கும் எதையும் அந்தச் சில வாரத்தில் புதிதாக உண்டாக்க முடியாது. மதிப்பெண், சாதிச் சான்று, குடியிருப்புச் சான்று, பெயர், பட்டம் படித்த முறை எல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். விண்ணப்பம் முதல் செமஸ்டரில் தொடங்கி மூன்று ஆண்டுகள் எழுதப்படுகிறது. கடைசியில் அதைத் தட்டச்சு மட்டுமே செய்கிறோம். முன்கூட்டித் திட்டமிடுவது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பழக்கம் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. நான் நேர்மாறாகச் சொல்வேன். வசதி இல்லாத பிள்ளைக்குத்தான் அது கட்டாயம். ஒரு வருடத்தைச் சும்மா விட்டுவிட அந்த வீட்டால் முடியாது.

சட்டப் படிப்பையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பட்டம் முடித்தபின் சேரும் மூன்றாண்டு எல்.எல்.பி., கல்லூரிக் காலத்திலேயே தயாராக வேண்டிய தொழிற்படிப்புக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அதோடு, இந்த ஊருக்கும் சட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. பிரெஞ்சு அரசு 1838-இல் இங்கே ஒரு சட்டப் பள்ளியைத் தொடங்கியது. அதன் வழிவந்ததுதான் இன்று காலாப்பட்டில் இருக்கும் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியாவோடு சட்டப்படி இணைந்த பிறகும் பிரெஞ்சுச் சட்டம் உடனே விடைபெறவில்லை. 1968-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித்தான் இந்தியச் சட்டங்கள் பலவற்றை இங்கே நீட்டித்தது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்த குடும்பங்களின் வாரிசுகளுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் இன்றும் பொருந்துகிறது. இப்படிப்பட்ட ஊரில் வக்கீலாக ஆசைப்படும் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஆசையும் அறிவும் அவர்களிடம் தேவைக்கு உண்டு. அவர்களுக்கு இல்லாதது, என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்ய வேண்டிய காலத்தில் சொல்லும் ஆள்.

அமெரிக்காவில் சட்டமும் மருத்துவமும் பட்டத்துக்குப் பிறகு படிப்பவை. அங்கே விண்ணப்பிப்பவர் எல்சாட், எம்கேட் போன்ற தேர்வுகளை எழுதுகிறார். தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறார். பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குகிறார். மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் இவற்றில் ஒன்று கைகொடுக்கலாம். நம் ஊரில் அந்தச் சலுகை இல்லை. புதுச்சேரியில் அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் மூலமாகச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும், எல்லை தாண்டித் தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிக்குப் போனாலும், மூன்றாண்டுப் படிப்பின் தரவரிசை பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே வருகிறது. கட்டுரை, நேர்காணல் எதுவும் கிடையாது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் பொதுப் பிரிவினருக்கு 45, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் என்று குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருக்கின்றன. இந்த எண்ணைப் பார்த்துப் பல பிள்ளைகள் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. இடம் கிடைப்பது வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. வரிசைக்கு வேறு எதுவும் கணக்கில் வராதபோது, முதல் செமஸ்டரின் இன்டர்னல் தேர்வுகூட விண்ணப்பத்தின் ஒரு வரிதான்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஆறு செமஸ்டருக்கும் மொத்த மதிப்பெண் சமம் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் 65 சதவீதம் வேண்டும். முதல் இரண்டு செமஸ்டரில் 50 சதவீதம் எடுத்த மாணவி அப்போதே விழித்துக்கொண்டால், மிச்சமுள்ள நான்கில் சராசரியாக 72.5 எடுத்தால் போதும், உழைத்தால் எட்டக்கூடியது. அதே மாணவி நான்கு செமஸ்டர் வரை 50-இலேயே இருந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் சட்டம் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தால், கடைசி இரண்டிலும் 95 எடுக்க வேண்டும். அது நடக்காது. இரு நிலைகளிலும் மாணவி ஒருத்தியே, அறிவும் உழைப்பும் ஒன்றே, வேறுபாடு ஓராண்டு. "கடைசி வருஷம் பிடிச்சுக்கலாம்" என்று நம் கல்லூரிகளில் சொல்லப்படும் ஆறுதலை இந்தக் கணக்கு அடித்துவிடுகிறது. முதலாண்டில் பெரும்பாலும் மொழிப் பாடமும் அலைட் பாடமும் இருப்பதால் பிள்ளைகள் அவற்றை அலட்சியம் செய்கிறார்கள். எந்தெந்தப் பகுதிகளின் மதிப்பெண் தரவரிசைக்குச் சேரும் என்பது ஒவ்வொரு சேர்க்கைக் கையேட்டிலும் அச்சாகியிருக்கிறது. சென்ற ஆண்டின் கையேட்டை முதலாண்டிலேயே ஒருமுறை படித்தவர் எந்தப் பாடத்தையும் குருட்டாம்போக்கில் கைவிடமாட்டார்.

அரியரின் கணக்கு இதைவிடக் கடுமையானது. மதிப்பெண் குறைந்தால் வரிசையில் இறங்குவோம். அரியர் இருந்தால் வரிசையிலேயே இருக்கமாட்டோம். இரண்டாம் செமஸ்டரில் விட்ட ஒரு தாளைக் கடைசி செமஸ்டரோடு சேர்த்து எழுதுவது இங்கே வழக்கம். அந்தத் தாள் அப்போதும் போய்விட்டால் அடுத்த தேர்வு, அதன் முடிவு, மறுமதிப்பீடு எல்லாம் முடிவதற்குள் கவுன்சலிங் முடிந்திருக்கும். ஆக, ஒரு தாளின் விலை ஒரு வருடம். அரியரை வந்த அடுத்த தேர்விலேயே முடிக்க வேண்டும் என்பது ஒழுக்க போதனை போலக் கேட்டாலும் வெறும் நாட்காட்டிக் கணக்குதான்.

தகுதி விதிகளில் இன்னும் ஆழமான குழிகள் உண்டு. பார் கவுன்சில் விதியின்படி, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முறையாகப் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. குடும்பச் சூழலால் பள்ளியை விட்டு, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே நிறைய. பட்டம் கையில் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது, ஆனாலும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதிவிட்டுப் பட்டத்துக்குப் போயிருப்பார்கள். அல்லது வேறு தொழிற்படிப்பைத் தேர்ந்திருப்பார்கள். அதேபோல, 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அனுமதித்ததும், சட்டத்தோடு எம்.ஏ.வையும் சேர்த்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் பரவியது. சட்டப் படிப்புக்குப் பார் கவுன்சிலின் விதி தனி, அது எல்.எல்.பி.யோடு இன்னொரு முறையான பட்டப்படிப்பில் பதிவு செய்வதைத் தடுக்கிறது. யுஜிசியின் பொது அனுமதியை மட்டும் நம்பி இறங்குகிறவர் பிறகு ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும். செய்தித்தாளில் ஒரு பத்தியாக வரும் அறிவிப்புக்கும், நாம் சேரப்போகும் படிப்பின் விதிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்க நேரம் வேண்டும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் அதிகம் அடிபடுவது பெயர். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். செல்வம் என்பவரின் மகள் லட்சுமி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். லட்சுமி', கல்லூரிப் பதிவில் 'லட்சுமி எஸ்', ஆதாரில் 'லட்சுமி செல்வம்', சாதிச் சான்றில் 'லட்சுமி, தந்தை பெயர் செல்வம்', வங்கிக் கணக்கில் வெறும் 'லட்சுமி'. வீட்டில் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை. கணினிக்கு இவர்கள் ஐந்து பேர். ஆங்கில எழுத்தில் இன்னொரு சிக்கல்: ஒரே பெயர் ஒரு இடத்தில் ஒற்றை எழுத்தோடும் இன்னொரு இடத்தில் இரட்டை எழுத்தோடும் இருக்கும். தந்தையின் பெயரும் பல வீடுகளில் இரண்டு வகையாக இருக்கும். ரேஷன் கார்டில் கூப்பிடும் பெயர், பள்ளிப் பதிவில் வைத்த பெயர். புதுச்சேரிக்குத் தனிப் பள்ளித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வாரியத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் சார்ந்தே நெடுங்காலம் இருந்தன. அண்மையில்தான் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் பள்ளி வழியாக வெளி மாநில அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை. முதலாண்டு மாணவருக்கு அது ஒரு சின்ன அலைச்சல், கவுன்சலிங் தேதி வந்தபின் பேரிடி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அளவுகோலாக வைத்து, ஆதார் முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றையும் அதற்கு ஒத்ததாக மாற்றிக்கொள்வதே சுருக்கமான வழி. பெரும்பாலும் ஆதாரைத் திருத்துவது எளிது, பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது கடினம்.

பெயருக்கு அடுத்தது இடம். இந்த ஒன்றியப் பகுதியின் நிலப்பரப்பே துண்டுதுண்டானது. நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுச் சட்டக் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் பஸ், முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொம்மையார்பாளையம் கடந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறது. வீடு எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒருவருடைய ஒதுக்கீடே அடங்கியிருக்கிறது. புதுச்சேரி ஒதுக்கீட்டுக்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே வசித்ததற்கான சான்று வேண்டும். வாடகைக்காக கோட்டக்குப்பத்துக்கோ ஆரோவில் பக்கமோ இடையில் இரண்டு வருடம் குடிபோன குடும்பத்துக்கு இது பெரிய சிக்கல். பட்டியல் சாதிப் பட்டியலும் தனி. புதுச்சேரிக்கானது 1964-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை. பக்கத்து வானூர் வட்டத்தில் வாங்கிய சாதிச் சான்று தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும், இங்கே உதவாது. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என எந்தத் தாலுகா அலுவலகமானாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்ற படிகளைத் தாண்டித்தான் சான்று வரும். சேர்க்கைக் காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் நிற்பார்கள். தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்க நினைப்பவர், புதுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்று வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் நாள் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓரிடத்தில் சேர்ந்துவிட்டு மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டாலும் அடுத்த கவுன்சலிங்குக்கு வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. சரிபார்த்தபின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-இலேயே அறிவித்திருக்கிறது. அதை அறிந்தவர் மட்டுமே கேட்டு வாங்குகிறார்.

மதிப்பெண்ணும் காகிதமும் சேர்க்கைக்கு. சேர்ந்தபின் தாக்குப்பிடிக்க மொழி வேண்டும். சட்டக் கல்லூரிப் புத்தகங்களும் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை, மூன்றாண்டுப் பட்டக் காலத்தில் தினம் ஒரு பக்கம் ஆங்கிலத் தலையங்கம் படித்திருந்தாலே முதல் செமஸ்டரில் மூச்சுத் திணறமாட்டார். புதுச்சேரிக்கென்று இன்னொரு வாய்ப்பும் உண்டு. இங்கே கல்லூரி சேரும் முதல் வாரத்தில் மொழிப் பாடமாகத் தமிழையோ பிரெஞ்சையோ தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மதிப்பெண் எளிதாக வரும் என்ற நினைப்பில் சிலர் பிரெஞ்சை எடுத்து, தேர்வோடு மறந்துவிடுகிறார்கள். இந்த ஊரின் பழைய சொத்துப் பத்திரங்கள், நொத்தேர் (பிரெஞ்சு முறை நோட்டரி) முன் எழுதிய உயில்கள், பாகப்பிரிவினைகள் பிரெஞ்சில் இருக்கின்றன. வீட்டு உரிமை வழக்கில் மூலப்பத்திரம் அந்த மொழியில் வந்தால், அதைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் வக்கீலுக்கு உள்ள மதிப்பு வேறு. கல்லூரியில் தமிழை எடுத்தவருக்கும் வழி அடைபடவில்லை. பிரெஞ்சு கற்றுத்தர, 1889-இலிருந்து இங்கே இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. மூன்றாண்டுச் சட்டத்தில் நுழைந்தபின் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. பட்டப்படிப்பு ஆண்டுகளின் ஓய்வுதான் இதற்கான மூலதனம்.

நான் சொல்வதற்கு எழும் எதிர்வாதங்களில் முதலாவது வலுவானது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தான் என்ன ஆகப்போகிறோம் என்று எப்படித் தெரியும், இப்போதே முடிவெடுக்கச் சொல்வது அதன் மற்ற வழிகளை அடைப்பதாகாதா என்று கேட்கிறார்கள். முடிவை முன்கூட்டி எடுக்கச் சொல்லவில்லை. தயாரிப்பைத்தான் முன்கூட்டிச் செய்யச் சொல்கிறேன். இரண்டும் வேறு. அரியர் இல்லாத மதிப்பெண் பட்டியலும், ஒரே பெயரில் இருக்கும் சான்றிதழ்களும், சரளமான ஆங்கிலமும் சட்டத்துக்கு மட்டும் உதவுபவை அல்ல. பி.எட். சேரப் பொதுவாக 50 சதவீதம் வேண்டும். எம்.பி.ஏ.வுக்கான கேட் தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு நடக்கிறது. விண்ணப்பம் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே முடிகிறது, அதாவது ஐந்தாம் செமஸ்டர் தொடங்கிய சூட்டில். முதுநிலைப் படிப்புகளுக்குப் புதுவைப் பல்கலைக்கழகம் 2022-இலிருந்து ஏற்றுக்கொண்ட க்யூட் தேர்வுக்கும், அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் தேர்வுக்கும் கடைசி செமஸ்டர் முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பட்ட முடிவு வந்தபின் யோசிக்கத் தொடங்குபவருக்கு இவற்றில் பலவும் கைநழுவியிருக்கும். அவருக்கு மிஞ்சுவது எஞ்சிய இடங்கள். ஆக வழிகளை அடைப்பது தாமதம்தான். தயாராக இருப்பவர் கடைசி நாளிலும் மனம் மாறலாம்.

இரண்டாவது எதிர்வாதம், விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது திட்டமிட்டு என்ன பயன் என்பது. மாற்றங்கள் உண்மை. இங்குள்ள ஜிப்மர் மருத்துவக் கல்லூரி தனக்கென நடத்திவந்த எம்.பி.பி.எஸ். நுழைவுத் தேர்வு 2019-ஓடு முடிந்து, 2020 முதல் எல்லாம் நீட் ஆனது. பி.எட். 2015-இல் இரண்டாண்டு ஆனது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-இல் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுச் சட்டத்துக்கு 30 வயது வரம்பு 2008-இல் வந்தது, 2013-இல் போனது, 2016-இல் திரும்ப வந்தது, 2017-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆனால் இந்தப் பட்டியலையே கூர்ந்து பாருங்கள். மாறியவை தேர்வின் பெயர், படிப்பின் காலம், வயது வரம்பு, வேலைத் தகுதி. மதிப்பெண்ணின் முக்கியத்துவமும் சான்றிதழின் தேவையும் ஒருமுறையும் மாறவில்லை. மாறாதவற்றை முதலாண்டில் முடித்தவருக்கு மாறுவதைக் கவனிக்க நேரம் இருக்கிறது. 2016-இல் வயது வரம்பு திரும்பியபோது அதிகம் தவித்திருக்கக் கூடியவர்கள், "இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்" என்று சட்டப் படிப்பைத் தள்ளிப்போட்ட முப்பதை நெருங்கியவர்கள்தான். விதி மாறும் என்பது தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது. சீக்கிரம் தொடங்குவதற்கே அது காரணம்.

திட்டம் சேர்க்கையோடு நின்றுவிடவும் கூடாது. நாலாம் ஆண்டு ஹானர்ஸ் படிப்பதா, மூன்றாண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு சட்டத்துக்குப் போவதா என்ற கேள்வி, யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்புக்குப் பிறகு நம் பிள்ளைகள் முன் வந்திருக்கிறது. சட்டக் கல்லூரிக்கு மூன்றாண்டுப் பட்டம் போதும். வக்கீல் தொழிலே குறிக்கோள் என்றால் கூடுதல் ஆண்டுக்கு வேறு காரணம் வேண்டும். சட்டம் முடித்தபின் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-இல் தீர்ப்பளித்தது; ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது நல்ல செய்தி. அதன்பின் அகில இந்திய பார் தேர்வு. நீதிபதி ஆக ஆசை என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே 20-இல் மீட்டெடுத்தது. பட்டம் மூன்று, சட்டம் மூன்று, தொழில் மூன்று என்று ஒன்பது ஆண்டுகள். ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் வருமானம் சொற்பம். இதை எல்லாம் பதினெட்டு வயதில் தாளில் எழுதிப் பார்த்த குடும்பம், கடைசியில் "இவ்வளவு நாளாகுமா?" என்று திகைக்காது, இடையில் தங்கையின் படிப்புச் செலவு எப்போது வரும், கடன் எப்போது வாங்கலாம் என்பதையும் சேர்த்தே யோசிக்கும்.

மூன்றாவது எதிர்வாதம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மாலையில் கடையில் நின்று சம்பாதித்து, இரவில் படிக்கும் பிள்ளையிடம் திட்டமிடு என்று சொல்வது எளிது. அந்தப் பிள்ளைக்கு நேரம் எங்கே, வழிகாட்ட யார், எல்லாச் சுமையையும் மாணவர் தலையில் வைப்பது நியாயமா என்கிறார்கள். நியாயம் இல்லை என்றே நானும் சொல்கிறேன். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையில் உள்ளதெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்துவிடும். மற்றப் பிள்ளைக்கு அதைக் கல்லூரிதான் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சட்டம், மருத்துவம் போக விரும்பும் பட்ட மாணவர்களுக்கென்றே தனி ஆலோசகர் உண்டு. நம் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் செல் இருக்கிறது. அது கடைசி ஆண்டில் விழிக்கிறது, வேலைக்கு மட்டும் விழிக்கிறது. செலவில்லாமல் செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு. முதலாண்டு மாணவர்களின் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பெயர் வேறுபாட்டைச் சொல்லிவிட ஒரு வகுப்பு நேரம் போதும். தாலுகா அலுவலகத்தைக் கல்லூரிக்கே அழைத்துச் சேர்க்கைக் காலத்துக்கு முன்னால் சான்றிதழ் முகாம் நடத்தலாம். முந்தைய ஆண்டின் சேர்க்கைக் கையேடுகளை நூலகத்தில் ஒரு அலமாரியில் வைக்கலாம். இவை நடக்கும் வரை மாணவர் காத்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. அமைப்பு திருந்தும் வேகமும் செமஸ்டர் ஓடும் வேகமும் ஒன்றல்ல.

நேரமில்லை என்பதற்கும் பதில் உண்டு. நான் சொன்ன வேலைகளில் தினமும் நேரம் கேட்பது படிப்பும் மொழியும் மட்டுமே. படிப்பு எப்படியும் செய்ய வேண்டியது. பெயர் பார்ப்பது ஒரு மாலை. சான்றிதழுக்கு அலைவது சில காலைகள். கையேடு படிப்பது ஒரு விடுமுறை நாள். இவற்றை மூன்று ஆண்டில் பரப்பினால் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் தாங்கும். மூன்று வாரத்தில் திணித்தால் கூலியை விட்டு அலைய வேண்டும், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டும், அப்படியும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். திட்டமிட்டால் இடம் நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஆனால் தகுதியிருந்தும் ஒரு இனிஷியலுக்காக, ஒரு அரியருக்காக, ஒரு தாசில்தார் கையெழுத்துக்காக வருடத்தை இழப்பது தவிர்க்கக்கூடிய இழப்பு.

இந்த ஆண்டு முதலாண்டில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். குடியிருப்பு, சாதிச் சான்றுகள் எந்தத் தாலுகாவில் வாங்கியவை என்று பாருங்கள். சென்ற ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். முதல் செமஸ்டரில் ஒரு தாளையும் விடாதீர்கள். வக்கீலா, ஆசிரியரா, மேலாளரா என்பதை மூன்றாம் ஆண்டில் முடிவு செய்துகொள்ளலாம். இந்த நான்கு வேலைகளையும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.